பள்ளித் தோட்டத்துத் தக்காளிக் காய்களும் நம் தமிழும்



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும் வேளையில் நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பள்ளித் தோட்டத்தைத் துப்புரவு செய்யும் பணி நடைபெறும். விடுமுறையில் நீர் ஊற்ற ஆளில்லை என்பதால் செடிகளை வேரோடு பிடுங்கிக் கறுப்பு நெகிழிப் பைகளில் திணித்துக் குப்பைக்கு அனுப்பிவிடுவோம். கத்தரியும் வெண்டையும் அதற்குள் பெரும்பாலும் காய்த்து ஓய்ந்திருக்கும். தக்காளி மட்டும் அப்படியன்று. பிடுங்கும் அன்றும் அதன் கிளைகளில் பச்சைக் காய்கள் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அவையும் அந்தப் பைக்குள்ளேயே போய்விடுகின்றன.

இது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தக் காய்களைப் பறித்து வகுப்பறைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டு வாருங்கள். அவை பழுக்கும். சிக்கனம் கருதி மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் கைக்கு எட்டிய ஒரு நல்ல அறிவியல் பாடத்தை, அதிலும் தமிழில் நடத்துவதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு பாடத்தை, நாமே குப்பையில் போடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பினாங்கில் தக்காளி காய்ப்பதே அரிய செய்தி. அது மிதமான குளிரை விரும்பும் பயிர். நாம் சௌராஸ்தா சந்தையிலும் ஆயர் ஈத்தாம் சந்தையிலும் வாங்கும் தக்காளி பெரும்பாலும் கேமரன் மலையில் விளைந்து லாரியில் வந்து சேர்வது. இங்கே கடற்கரைச் சமவெளியில் இரவு நேரத்திலும் வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை. இரவுப் புழுக்கம் மிகுந்தால் மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். வேர் வழியாகத் தாக்கும் வாடல் நோய் வேறு இருக்கிறது. இவற்றையெல்லாம் கடந்து மாணவர் வளர்த்த செடி ஒன்று பத்துக் காய் காய்த்தால் அதுவே சாதனை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்யும் கனமழையில் செடியிலேயே பழுக்க விட்ட பழங்கள் தோல் வெடித்து அழுகுவதையும் பலர் கண்டிருப்பீர்கள்.

குளிர்நாடுகளில் உறைபனி வந்து தக்காளியின் பருவத்தை முடித்து வைக்கும். இலண்டனிலும் டொராண்டோவிலும் வீட்டுத் தோட்டம் போடும் நம் தமிழர்கள், முதல் உறைபனிக்கு முன்பே பச்சைக் காய்களைப் பறித்து, நாளிதழில் சுற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். சிலர் செடியையே வேரோடு பிடுங்கி நிலவறையில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் உண்டு. நமக்கு உறைபனி இல்லை. மழையும் பள்ளி நாட்காட்டியும்தான் நம் பருவத்தை முடித்து வைக்கின்றன. செய்ய வேண்டிய வேலை என்னவோ ஒன்றுதான்.

பறித்த பின்னும் காய் பழுப்பது எப்படி? செடியை விட்டுப் பிரிந்த பின்னரும் காய்க்கு உயிர் இருக்கிறது, அது சுவாசிக்கிறது. முற்றிய நிலையை அடைந்ததும் அது எத்திலீன் என்னும் வாயுவைத் தானே வெளியிடத் தொடங்குகிறது. அந்த வாயுவே பழுக்கும் வேலையைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட காய் மேலும் எத்திலீனை வெளியிடுகிறது. பச்சையம் சிதைகிறது, லைகோபீன் என்னும் சிவப்பு நிறமி உருவாகிறது, தோலும் சதையும் இளகுகின்றன, மணம் பிறக்கிறது. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ரம்புத்தான், அன்னாசி, திராட்சை, ஆரஞ்சு முதலியவை அப்படியல்ல. பறித்த நிலையில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். எத்தனை நாள் வைத்திருந்தாலும் மேலும் கனியா. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களிலேயே பலர் அறிந்திருப்பதில்லை. புளிப்பான அன்னாசியை ஒரு வாரம் மேசைமேல் வைத்துக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

இந்த எத்திலீன் கண்டறியப்பட்ட வரலாற்றை மாணவர்க்குக் கதையாகவே சொல்லலாம். 1901ஆம் ஆண்டு உருசிய நாட்டு அறிஞர் திமித்ரி நெல்யூபோவ், விளக்கெரிக்கும் வாயு கசிந்த ஆய்வுக்கூடத்தில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதைக் கண்டு, அதற்குக் காரணம் அவ்வாயுவிலுள்ள எத்திலீன் என்று நிறுவினார். கலிபோர்னியாவில் எலுமிச்சை வணிகர்கள் பச்சைக் காய்களை ஓர் அறையில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றி வைத்து மஞ்சளாக்கி வந்தனர். அடுப்பின் சூடுதான் நிறத்தை மாற்றுகிறது என்று அவர்கள் நம்பினர். புகையிலிருந்த எத்திலீனே அவ்வேலையைச் செய்தது என்று 1924ஆம் ஆண்டு பிராங்க் டென்னி என்பவர் காட்டினார். பழமே அந்த வாயுவை வெளியிடுகிறது என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன் 1934ஆம் ஆண்டு ஆப்பிள் பழங்களைக் கொண்டு மெய்ப்பித்தார்.

இப்போது நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் வாழைத்தாரைக் குழிக்குள்ளோ அறைக்குள்ளோ அடுக்கி, புகை போட்டு அடைத்து வைப்பார்கள். மூட்டம் போடுதல் என்று அதற்குப் பெயர். கலிபோர்னியா வணிகரின் அடுப்பறையும் நம்மவர் புகைமூட்டமும் செய்தது ஒரே வேலை. மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், அரிசிப் பானைக்குள் வைப்பதும் அவ்வழி வந்தவையே. காய் வெளியிடும் எத்திலீன் காற்றில் கலைந்து போகாமல் அரிசியும் வைக்கோலும் அதைச் சுற்றியே தேக்கி வைக்கின்றன. பாட்டிக்கு எத்திலீன் என்ற பெயர் தெரியாது. ஆனால் அதைப் பிடித்து வைக்கத் தெரிந்திருந்தது. இன்று நம் மாணவர்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெயரை எழுதச் சொன்னால் எழுதுவார்கள். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தவர் குறைவு.

வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காகச் சில நடைமுறைச் செய்திகள்.

எல்லாக் காயும் பழுக்காது. முற்றிய காயாக இருக்க வேண்டும். பூத்து ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரங்கள் ஆகியிருந்தால் காய் முழு அளவை எட்டி, கரும்பச்சை மங்கி, வெளிர்பச்சையாகி, தோலில் ஒரு மினுமினுப்புத் தோன்றும். ஐயமிருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்து, கத்தி பட்டும் விதை வெட்டுப்படாமல் நழுவினால் அந்த அளவுள்ள மற்றக் காய்கள் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு, சமையலுக்குத்தான் ஆகும். வெட்டிய காயை வீணாக்காமல் மாணவரிடம் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

பறித்த காயை ஈரம் போகத் துடைத்து, காம்பு இருந்த பக்கம் மேலிருக்க, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. பழுக்க வெளிச்சம் தேவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, தேவையில்லை. இருட்டான அலமாரிக்குள்ளும் தக்காளி சிவக்கும். வெப்பநிலைதான் முதன்மையானது. 20 முதல் 25 பாகை வரை மிகப் பொருத்தம். 30 பாகையைத் தாண்டினால் லைகோபீன் உருவாவது தடைப்பட்டு, பழம் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாகவே நின்றுவிடும். ஜோர்ஜ்டவுனின் அடுக்குமாடி வீடுகளில் பிற்பகல் வெயில் அடிக்கும் சமையலறை இதற்கு ஆகாது. கட்டிலுக்கு அடியில் சிமெந்துத் தரையில், அல்லது படியடியில் வைத்துப் பாருங்கள்.

குளிர்பதனப் பெட்டி அறவே கூடாது. 12 பாகைக்குக் கீழே தக்காளிக் காய் குளிரால் நலிவுறும். பின்னர் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த தக்காளிக்கும் குளிர் பகைதான். மணம் தரும் பொருள்களை உருவாக்கும் மரபணுக்களின் செயற்பாட்டைக் குளிர் முடக்குகிறது என்று 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

விரைவாகப் பழுக்க வேண்டுமானால் காய்களைக் காகிதப் பையில் இட்டு, நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றை உடன் வையுங்கள். பெராங்கானோ மாஸோ எதுவானாலும் சரி. நெகிழிப் பையை இறுகக் கட்டி வைத்தால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். முற்றிய பச்சைக் காய் ஒன்று, இரண்டு வாரங்களிலும், நிறம் மாறத் தொடங்கிய காய் நான்கைந்து நாள்களிலும் பழுத்துவிடும். நாள்தோறும் பார்த்து, அழுகியதை உடனே அகற்ற வேண்டும்.

இதை அப்படியே ஆய்வாக்கலாம். ஒரே அளவுள்ள காய்களை மூன்று பிரிவாக்கி, ஒன்றைத் திறந்த தட்டிலும், ஒன்றைக் காகிதப் பையிலும், ஒன்றை வாழைப்பழத்தோடு காகிதப் பையிலும் வையுங்கள். தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு நாம் தொண்டை வற்றக் கத்தும் பாடம் இங்கே தானாக விளங்கும். எதை மாற்றினோம், எதைப் பார்க்கிறோம், எதை ஒன்றாக வைத்தோம் என்று மாணவரே சொல்வர். உற்றறிதலும் முன் அனுமானித்தலும் இதற்குள்ளேயே அடக்கம். செலவு ஒரு வாழைப்பழம்.

இனி மொழிக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

தக்காளி வணிகத்திற்காக அமெரிக்க வேளாண் துறை அதன் நிறத்தை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. முழுப்பச்சை ஒரு படி. பூ இருந்த அடிப்பக்கத்தில் முதன்முதலாக நிறம் தலைகாட்டும் நிலை அடுத்த படி. அந்த இரண்டாம் நிலையை எட்டிய காயைப் பறித்தால் செடியில் பழுத்ததற்கு ஏறக்குறைய இணையான சுவை கிடைக்கும் என்பதால் வணிகத்தில் அதற்குத் தனி மதிப்பு. அந்நிலைக்குத் தமிழில் ஒரு சொல் நெடுங்காலமாக இருக்கிறது. செங்காய். முழுக்கக் காயுமன்று, பழமுமன்று. பழுக்கத் தொடங்கிய காய். அணில் தேடி வந்து கடிப்பது இதைத்தான்.

பிஞ்சு, காய், செங்காய், பழம் என்ற நான்கு சொற்களைக் கொண்டே இந்தப் பாடத்தை முழுமையாக நடத்திவிடலாம். ஐந்தாவதாக வெம்பல் என்றொரு சொல்லும் உண்டு. முற்றாமலே சூட்டினால் வெதும்பி, பழுத்தது போல நிறம் மாறிய காயை வெம்பல் என்கிறோம். பிஞ்சிலே பறித்த தக்காளி சில வேளைகளில் நிறம் மாறி, சுவையின்றிச் சுருங்கிக் கிடக்குமே, அதைக் காட்டி இச்சொல்லைச் சொன்னால் மாணவர் வாழ்நாளில் மறக்க மாட்டார். (பிஞ்சிலே பழுத்தது, தடிகொண்டு கனிய வைப்பது என்ற தொடர்களைக் கொண்டு குழந்தை வளர்ப்புக்கு உவமை சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களானால் மன்னிக்கவும். பரிசளிப்பு விழாக்களில் அது போதிய அளவு பேசப்படுகிறது.)

தக்காளி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இப்பழத்திற்கு நம் முன்னோர் வெளிநாட்டுப் பெயரைத் தேடிப் போகவில்லை. மெல்லிய உறைக்குள் சிறு பழம் காய்க்கும் ஒரு செடி இங்கே முன்பே தக்காளி என்ற பெயரில் இருந்தது. மலாய்க்காரர்கள் லெத்துப் லெத்துப் என்பார்களே, அச்செடிதான். அதன் சாயலில் இருந்ததால் புதுப்பழத்தைச் சீமைத்தக்காளி என்றனர். பிறகு சீமை உதிர்ந்து தக்காளி நின்றது. புதியதை ஏற்கும் ஆற்றல் தமிழுக்கு அப்படி வாய்த்திருக்கிறது. எத்திலீன் என்பதை எத்திலீன் என்றே எழுதுவதில் எனக்கு எந்த மனத்தடையும் இல்லை. செங்காய் இருக்கும் இடத்தில் வேறு சொல்லைத் தேடுவதில்தான் வருத்தம்.

1816ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதையே இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தோற்றமாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டு இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடினோம். அதே ஆண்டில்தான் டி.எல்.பி. என்னும் இருமொழித் திட்டமும் வந்தது. அதற்கு முன் 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டுப் பின்னர் அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டதையும் நாம் பார்த்தோம். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி ஆங்கில வழியை விரும்பும் பெற்றோரை நான் குறை கூறவில்லை. அவர்களின் கவலை உண்மையானது. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். பத்து வயதுப் பிள்ளை, காய் பழமாவதைத் தன் கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, வீட்டிலுள்ள பாட்டியோடு பேசிப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு எந்த மொழி வேண்டும்? எத்திலீன் என்பதை இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதப் பழக ஐந்து நிமிடம் போதும். பாட்டியோடு பேசும் வாய்ப்புக்கு அவ்வளவு நீண்ட தவணை இல்லை. டி.எல்.பி. வகுப்பில் பயிலும் பிள்ளைகளுக்கும் இதை வீட்டுப் பணியாகத் தமிழில் கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது காதில் விழுகிறது. தேர்வு இருக்கும்வரை அது ஓரளவு பொருந்தும் காரணமாக இருந்தது. யூ.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டே அகற்றப்பட்டுவிட்டது. ஆண்டிறுதியின் கடைசி இரண்டு வாரங்களில் நம் வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பது நமக்கே தெரியும். பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் தாள்களைக் கொடுப்பதற்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமே. விடுமுறை தொடங்கும்போது பழுக்காத காய்களை ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆய்வின் மீதிப் பகுதியைப் பெற்றோர் பார்த்துக்கொள்வர்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. இணையக் காணொளிகளைப் பார்த்துக் கார்பைடு கல்லைப் பயன்படுத்தும் ஆசை யாருக்கும் வந்துவிட வேண்டாம். அக்கல் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயுவை வெளியிடும். எத்திலீனைப் போல அதுவும் காயின் நிறத்தை மாற்றிவிடும். ஆனால் கல்லில் கலந்துள்ள ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சம் உடலுக்குத் தீங்கானது. அசிட்டிலீன் எளிதில் தீப்பற்றக் கூடியது. இந்தியாவில் பழங்களைக் கார்பைடால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. அதற்கு மாற்றாக, அளவுக்கு உட்பட்ட எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016ஆம் ஆண்டு இசைவளித்தனர். வீட்டில் அதே வேலையை ஒரு வாழைப்பழம் செய்யும்போது கல் எதற்கு?

பழுக்காமல் எஞ்சிய பிஞ்சுகளையும் எறிய வேண்டியதில்லை. தக்காளிக்காயைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைத்தால் தோசைக்கு மிக நன்றாக இருக்கும். காயில் சிறிதளவு கசப்புப் பொருள் உண்டு. சமையலில் சேர்க்கும் அளவு தீங்கு செய்யாது. இலைகளையும் தண்டையும் மட்டும் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். செங்காய் என்பதற்குத் தோட்டப்புறங்களில் வேறு வழக்குச் சொற்களும் இருந்திருக்கலாம். கெடா, பேராக் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வாழைத்தாரை அங்கே எப்படிப் பழுக்க வைத்தார்கள், எதைப் போட்டுப் புகை மூட்டினார்கள், அரைப்பழத்தை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு மறுமொழியில் எழுதுங்கள். தொகுத்து மாணவர்க்குக் கொடுக்கலாம்.